காப்புப் பொருள் ஒப்புக்குச் சப்பாணியா?

மாசி மாதத்து அதிகாலையில், தூத்துக்குடி உப்பளங்களை ஒட்டிப் போகும் உயர் அழுத்த மின்பாதையின் கீழே நின்றால் தலைக்கு மேலே ஒரு சடசடப்பு கேட்கும். இருட்டு விலகாத நேரமென்றால், பீங்கான் இன்சுலேட்டர்களின் விளிம்பில் ஊதா நிறப் பொறி ஊர்வதையும் பார்க்கலாம். பகலெல்லாம் கடற்காற்று கொண்டுவந்து அப்பிய உப்பு, பனி இறங்கியதும் கரைந்து பீங்கானின் மேல் உப்புநீர்ப் படலமாக விரிகிறது. அதன் வழியே மின்சாரம் கசிகிறது. கசிவு முற்றினால் பொறி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தாவும். லைன் டிரிப் ஆகும். கம்பிக்கு ஒரு குறையும் இல்லை, மின்நிலையத்து எந்திரத்துக்கும் குறை இல்லை. ‘நீ சும்மா இருந்தால் போதும்’ என்று தொங்கவிடப்பட்ட பீங்கான்தான் ஊரை இருட்டாக்கிவிட்டது.

இதற்குப் பழைய மருந்து, இன்சுலேட்டரைத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவுவது. புதிய மருந்து, பீங்கானுக்குப் பதிலாகச் சிலிக்கோன் ரப்பர் உறை போட்ட பாலிமர் இன்சுலேட்டர். அல்லது பீங்கான் மேலேயே சிலிக்கோன் பூச்சு. சிலிக்கோன் மேல் தண்ணீர் படலமாகப் பரவாது, மணி மணியாகத் திரண்டு நிற்கும். அதைவிட வியப்பான ஒரு குணமும் அதற்கு உண்டு. உப்பும் தூசியும் மேலே படிந்த பிறகு, ரப்பருக்குள்ளிருந்து சிறு சிலிக்கோன் மூலக்கூறுகள் மெல்ல மேலேறி அந்த அழுக்குப் படிவுக்குள்ளும் ஊறி, அதையும் நீர் ஒட்டாததாக்கிவிடுகின்றன. சும்மா இருக்கும் பொருள் செய்கிற வேலையா இது?

ஆனாலும் மின்னணுவியல் பற்றிய பொதுப் பேச்சில் காப்புப் பொருளுக்கு இன்னும் ஒப்புக்குச் சப்பாணி இடம்தான். 2021 டிசம்பரில் ஒன்றிய அரசு 76,000 கோடி ரூபாய்க்குத் திட்டம் அறிவித்ததிலிருந்து எங்கும் செமிகண்டக்டர் பேச்சு. பிளாஸ்டிக்கில் அச்சிடும் மின்னணுவியல் பற்றி எழுதுகிறவர்களும் 2000இல் வேதியியல் நோபல் பெற்ற ஹீகர், மக்டையார்மிட், ஷிராகாவா மூவரிடமிருந்து தொடங்கி, மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக்கின் பெருமையைப் பாடி முடிப்பார்கள். கடத்தாத பிளாஸ்டிக்குக்கு ஒரு வரி. அது ஒரு தடுப்புச் சுவர், ஏதாவது ஒரு பிளாஸ்டிக்கைப் பூசினால் போதும் என்பது அந்த வரியின் சாரம். வளையும் மின்னணுவியல் சொன்னபடி வளராததற்குக் காரணம் கேட்டால், கரிமச் செமிகண்டக்டர் பலவீனமானது என்று ஒரே வாயாகப் பதில் வரும்.

இந்தப் பதிலில் கொஞ்சம் உண்மை இருப்பதால்தான் அது நிலைத்துவிட்டது. சிலிக்கான் படிகத்தில் எலெக்ட்ரான் ஓடும் வேகத்தோடு ஒப்பிட்டால், அச்சிட்ட கரிமச் செமிகண்டக்டரில் அது பல நூறு மடங்கு மந்தம். 2010 ஜனவரியில் பெரும் ஆரவாரத்தோடு அறிமுகமான பிளாஸ்டிக் லாஜிக் நிறுவனத்தின் ‘கியூ’ மின்னூல் கருவி, அதே ஆண்டு ஆகஸ்டில் கடைக்கு வராமலே கைவிடப்பட்டது. இதையெல்லாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தவறு எங்கே என்று தேடும்போது எப்போதும் ஓடுகிறவனையே பிடிப்பதும், அவன் ஓடும் தரையைக் குனிந்து பார்க்காததும் பழைய வழக்கம். எவ்வளவு பழையது என்பதற்குக் கடலடியிலேயே சாட்சி கிடக்கிறது.

1858இல் அட்லாண்டிக்கின் அடியில் முதல் தந்தி வடம் கிடத்தப்பட்டது. செம்புக் கம்பி, அதன் மேல் மலாய்க் காட்டு மரங்களின் பாலிலிருந்து எடுத்த குட்டாபெர்ச்சா உறை. அந்த உறை வெறும் சட்டை அல்ல, நீருக்கும் கம்பிக்கும் நடுவே அது மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கிறது என்று ஃபாரடே 1854இலேயே சொல்லியிருந்தார். வடம் நீள நீள அந்தத் தேக்கத்தால் சைகை தாமதமாகும், தாமதம் நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகும் என்று வில்லியம் தாம்சன் கணக்கும் போட்டுக் காட்டினார். வடத்தின் மின்பொறுப்பில் இருந்த ஒயில்ட்மேன் ஒயிட்ஹவுஸ், தொழிலால் அறுவை மருத்துவர், அந்தக் கணக்கை ஏற்கவில்லை. விக்டோரியா அரசியின் 98 சொல் வாழ்த்து போய்ச் சேரச் சுமார் 16 மணி நேரம் ஆனது. மந்தம் தீர ஒயிட்ஹவுஸ் கண்ட வழி, ஏறக்குறைய 2,000 வோல்ட்டை வடத்துக்குள் தள்ளுவது. முன்பே நலிந்திருந்த காப்பு அதைத் தாங்கவில்லை. மூன்று வாரத்தில் வடம் ஊமையானது. காப்புப் பொருளைச் சட்டை என்று நினைத்ததற்கு மனிதர் கொடுத்த முதல் பெரிய விலை அது.

பிறகு வந்தது பாலித்தீன். 1933இல் இங்கிலாந்தின் வின்னிங்டனில் ஐ.சி.ஐ. ஆய்வுக்கூடத்தில் ஃபாசெட், கிப்சன் இருவர் கையில் தற்செயலாகப் பிறந்த அந்த வெள்ளை மெழுகு இல்லாமல் 1956இன் அட்லாண்டிக் தொலைபேசி வடம் இல்லை. பாலித்தீன் உறை வடங்களின் கதையில் தூத்துக்குடிக்கும் பங்கு உண்டு. பி.எஸ்.என்.எல்.லும் இலங்கை டெலிகாமும் சேர்ந்து இங்கிருந்து கொழும்புக்குத் தெற்கேயுள்ள கல்கிசைக்குக் கிடத்திய பாரத் லங்கா ஒளியிழை வடம் 2006இல் இயங்கத் தொடங்கியது. நீளம் 300 கிலோமீட்டருக்குச் சற்று மேல். உள்ளே ஓடுவது இப்போது ஒளி. ஆனால் இத்தகைய வடங்களில் கண்ணாடி இழையைக் கடலிடமிருந்து காப்பது இன்னும் பாலித்தீன் உறைதான்.

சிலிக்கானின் கதையும் வேறில்லை. முதல் டிரான்சிஸ்டர் ஜெர்மேனியத்தில் பிறந்தது. ஓட்ட வேகத்திலும் அது சிலிக்கானைவிட மேல். தோற்றதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று, ஜெர்மேனியத்தின் ஆக்சைடு தண்ணீரில் கரைந்துவிடும் என்பது. சிலிக்கானை அனலில் காட்டினால் அதன் மேல் அசையாத, கரையாத கண்ணாடிப் படலம் தானாக வளர்கிறது. பெல் ஆய்வுக்கூடத்தில் முகமது அத்தல்லா 1950களின் இறுதியில் அந்தப் படலத்தைப் பழக்கிய பிறகே இன்றைய சில்லுகளின் அடிப்படை டிரான்சிஸ்டர் சாத்தியமானது. நாற்பதாண்டுக்கு மேல் அந்தப் படலத்தை மெலிதாக்கிக்கொண்டே வந்தார்கள். ஏறக்குறைய ஐந்து அணு தடிமனுக்கு வந்ததும் மின்சாரம் அதை ஊடுருவியது. 2007இல் இன்டெல் மாற்றியது செமிகண்டக்டரை அல்ல, காப்புப் படலத்தை. ஹாஃப்னியம் உள்ளே வந்தது. சிலிக்கான் யுகம் என்று பெயர் வைத்தவர்கள் இதைக் கவனிக்கவில்லை.

சரி, பிளாஸ்டிக் டிரான்சிஸ்டருக்கு வருவோம். அதில் ‘கேட்’ என்னும் மின்முனை ஒரு பக்கம், செமிகண்டக்டர் மறுபக்கம், நடுவே ஒரு மைக்ரான் அளவிலோ அதற்கும் குறைவாகவோ ஒரு காப்புப் பாலிமர். கேட்டில் மின்னழுத்தம் கொடுத்தால் செமிகண்டக்டருக்குள் மின்னூட்டங்கள் வந்து குவிகின்றன. எங்கே குவிகின்றன என்பதில்தான் சங்கதி இருக்கிறது. செமிகண்டக்டர் முழுக்க அல்ல; காப்புப் பாலிமரைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஓரிரு மூலக்கூறு அடுக்கில் மட்டும். அதாவது மின்சாரம் முழுவதும் காப்புப் பொருளின் தோளை உரசிக்கொண்டே ஓடுகிறது. கப்பல் எவ்வளவு பெரியதானாலும் துறைமுகக் கால்வாயின் ஆழத்துக்கு மேல் மிதவை ஆழம் இருந்தால் வெளியிலேயே நங்கூரம் போட வேண்டியதுதான். அந்தக் கால்வாயை வெட்டிக் கொடுப்பது இங்கே காப்புப் பாலிமர்.

1990இல் பாரிசுக்கு அருகே பிரான்சிஸ் கார்னியேயின் குழு ஒரே கரிமச் செமிகண்டக்டரைப் பல காப்புப் பாலிமர்களின் மேல் படியவைத்துப் பார்த்தது. சிலவற்றின் மேல் டிரான்சிஸ்டர் நன்றாக இயங்கியது, சிலவற்றின் மேல் அதே பொருள் அசையவே இல்லை. ஓடுகிறவன் அதே ஆள், தரைதான் வேறு.

இதைவிட அழுத்தமான அடி 2005இல் விழுந்தது. கரிமப் பாலிமர்களில் பெரும்பாலானவை நேர்மின் துளைகளை மட்டுமே கடத்தும், எலெக்ட்ரானைக் கடத்த அவற்றால் ஆகாது என்பது அதுவரை பாடம்போல் சொல்லப்பட்டது. கேம்பிரிட்ஜில் ரிச்சர்ட் ஃப்ரெண்ட், ஹென்னிங் சிரிங்ஹாஸ் குழுவினரோடு லே-லே சுவா என்ற ஆய்வாளர் அந்தப் பாடத்தையே சோதித்தார். அதுவரை பெரும்பாலோர் காப்பாகப் பயன்படுத்தியது சிலிக்கான் ஆக்சைடு. அதன் மேற்பரப்பில் ஹைட்ராக்சில் தொகுதிகள் அடர்ந்திருக்கும். வந்த எலெக்ட்ரானை எல்லாம் அவை பிடித்து வைத்துக்கொண்டன. ஹைட்ராக்சில் இல்லாத பி.சி.பி. என்ற பாலிமரைக் காப்பாக மாற்றியதும், ‘எலெக்ட்ரான் கடத்தாது’ என்று முத்திரை குத்தப்பட்ட பாலிமர்கள் ஒன்றன்பின் ஒன்றாக எலெக்ட்ரானைக் கடத்தின. ‘நேச்சர்’ இதழில் அது வெளிவந்தது. பல ஆண்டுகளாகச் செமிகண்டக்டரின் பிறவிக் குணம் என்று எழுதப்பட்டது, பக்கத்தில் இருந்த காப்புப் பொருளின் கைவரிசை. பலவீனமான செமிகண்டக்டர் என்று இன்னும் பேசுகிறவர்கள் இந்த ஒரு கட்டுரைக்குப் பதில் சொல்லிவிட்டுப் பேசட்டும்.

ஹைட்ராக்சிலைத் துரத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் எண்ணிவிட வேண்டாம். மின்காப்பு மாறிலி கூடிய பாலிமர் என்றால் குறைந்த வோல்ட்டில் நிறைய மின்னூட்டம் சேரும்; ஆகவே மாறிலி எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நல்லது என்று ஒரு கட்சி இருந்தது. 2003இல் யானோஷ் வெரெஷ் தலைமையிலான குழு இங்கிலாந்தில் நேர்மாறாகக் காட்டியது. மாறிலி கூடிய பாலிமர்களில் மூலக்கூறுகளின் இருமுனைகள் கன்னாபின்னாவென்று திரும்பிக் கிடக்கும். பக்கத்துச் செமிகண்டக்டரில் ஓடும் மின்னூட்டத்துக்கு அவை பாதையை மேடுபள்ளமாக்கிவிடும். மாறிலி குறைந்த பாலிமர் மேல் ஓட்டம் சீராக இருந்தது. ஆனால் அதற்கு விலையாக வோல்ட் கூடும், பத்து வோல்ட், நாற்பது வோல்ட் என்று. சட்டைப் பையில் வைக்கும் மின்கலத்துக்கு இது கட்டாது. ஜெர்மனியில் ஹாகன் கிளௌக் குழு 2007இல் ஆறு நானோமீட்டருக்கும் மெலிந்த காப்புப் படலத்தை அமைத்து, மூன்று வோல்ட்டுக்கும் குறைவில் சுற்றுகளை ஓட்டிக் காட்டியது. இத்தனை வாக்குவாதமும் கடத்தாத பொருளைச் சுற்றித்தான்.

ஏதாவது ஒரு பிளாஸ்டிக் போதும் என்கிறவர்கள் ஒருநாள் அச்சகத்தில் நின்று பார்க்க வேண்டும். தூத்துக்குடியிலிருந்து சிவகாசி வெகுதூரமில்லை. காலண்டர் அச்சில் ஒரு புள்ளி மை விழாமல் போனால் முருகன் கன்னத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு. யாரும் கவனிப்பதுகூட இல்லை. காப்பு மையில் அதே அளவு ஓட்டை விழுந்தால் மேல் மின்முனையும் கீழ் மின்முனையும் தொட்டுக்கொள்ளும், சுற்று செத்தது. அதனால்தான் காப்பு மையை ஒரே தடிப்பாகப் பூசாமல் இரண்டு முறை அச்சிடும் வழக்கம் வந்தது. முதல் பூச்சின் ஓட்டையும் இரண்டாவதன் ஓட்டையும் ஒரே இடத்தில் அமைவது அரிது. வீட்டில் சர்க்கரை பார்க்கும் சோதனைப் பட்டையை எடுத்துக்கொள்ளலாம். பாலியெஸ்டர் தகட்டில் அச்சிட்ட கரி மின்முனை, அதன் மேல் ஒரு சின்ன சன்னல் மட்டும் விட்டு அச்சிட்ட காப்பு மை. இரத்தம் மின்முனையைத் தொடும் பரப்பு எவ்வளவு என்பதை அந்தச் சன்னல்தான் தீர்மானிக்கிறது. மை ஓரம் கொஞ்சம் வழிந்தால் பரப்பு குறையும், மின்னோட்டம் குறையும், சர்க்கரை அளவும் தப்பாகக் காட்டும்.

அச்சகத்துப் பிரச்சினை அதோடு முடிவதில்லை. பி.வி.பி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பாலிவினைல் ஃபீனால் காப்பாகப் பேர்போனது. ஆனால் அதில் ஹைட்ராக்சில் நிறைய, ஈரத்தை உறிஞ்சும். குறுக்குப் பிணைப்புப் போட்டு இறுக்கினால் ஓரளவு அடங்கும். இறுக்குவதற்கு வழக்கமாக 200 டிகிரி அளவில் சூடு வேண்டும். அடியில் இருக்கும் மலிவான பாலியெஸ்டர் தகடு அந்தச் சூட்டில் சுருங்கிவிடும். பாலிஇமைடு தகடு தாங்கும், ஆனால் விலை கூடுதல். சைடாப் என்ற ஃப்ளூரின் பாலிமர் ஈரத்தை அண்டவே விடாது, அதைப் பூசும் கரைப்பான் அடியிலுள்ள செமிகண்டக்டரையும் கரைக்காது. அருமை என்று அதன் மேல் அடுத்த மையை அச்சிடப் போனால் மை பரவாமல் திரண்டு உருண்டுவிடும். தடுப்புச் சுவர் கட்டுவது இவ்வளவு எளிது என்று யார் சொன்னது?

கடற்கரை ஊருக்கு இதெல்லாம் ஆகாது, உப்புக்காற்றும் ஈரமும் பிளாஸ்டிக் மின்னணுவை ஒரே பருவத்தில் தின்றுவிடும் என்பது இன்னொரு வாதம். ஈரம் கெடுக்கும் என்பது சரி. ஓ.எல்.இ.டி. திரைகளுக்கு உள்ளே புகலாம் என்று வகுத்த நீராவியின் அளவு, ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளில் ஒரு கிராமின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. சாதாரணப் பாலியெஸ்டர் தகடு கிராம் கணக்கில் விட்டுவிடும். ஆனால் இந்தப் பள்ளத்தைக் கடந்ததும் பாலிமர் துணையோடுதான். விடெக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் அலுமினிய ஆக்சைடு ஓர் அடுக்கு, பாலிமர் ஓர் அடுக்கு என்று மாற்றி மாற்றிப் படியவைத்தது. ஆக்சைடில் ஊசித்துளை இல்லாமல் இருக்காது. இடையிலுள்ள பாலிமர் ஓர் அடுக்கின் துளையை அடுத்த அடுக்கின் துளையிலிருந்து பிரித்து, நீர் மூலக்கூறைச் சுற்றுவழியில் அலையவிடும்.

மன்னார் வளைகுடாவில் இந்தக் கட்டுமானத்துக்கு மூத்த உறவு ஒன்று உண்டு. முத்துச் சிப்பியின் உள்புறத்து மினுக்கம் அரை மைக்ரான் அளவுத் தடிமனுள்ள கால்சியம் கார்பனேட் தகடுகளும் அவற்றுக்கிடையே மிக மெல்லிய கரிமப் படலமும் அடுக்கியது. அங்கே நோக்கம் நீராவியைத் தடுப்பதல்ல, விரிசல் ஓடாமல் தடுப்பது. எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவே உள்ள அந்தக் கரிமப் படலம் இல்லாவிட்டால் சிப்பி வெறும் சுண்ணாம்பு. 1961க்குப் பிறகு தூத்துக்குடிப் பார்களில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆனால் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கே. அழகர்சாமி 1973இல் பக்கத்து வேப்பலோடையில் முத்து வளர்த்துக் காட்டினார். அவர் உள்ளே வைத்த உருண்டைக் கருவின் மேல் சிப்பி பூசியதும் இதே அடுக்குகள்தாம்.

மேலே உள்ள பிளாஸ்டிக் படலத்தைப் பொட்டலக் காகிதமாக நினைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2019 ஏப்ரல் நல்ல உதாரணம். சாம்சங்கின் மடக்கும் கைப்பேசி விற்பனைக்கு வருமுன் விமர்சகர்களுக்கு அனுப்பப்பட்டது. திரையின் மேலிருந்த பாலிமர் படலத்தைக் கடையில் ஒட்டித் தரும் ஸ்கிராட்ச் கார்டு என்று எண்ணிச் சிலர் உரித்தார்கள். திரை செத்துப்போனது. அந்தப் படலம் திரையின் உறுப்பு. வெளியீடு செப்டம்பருக்குத் தள்ளிப்போனது.

எதிர்த்தரப்பில் ஒரு வாதம் மட்டும் கனமானது. குறுக்குப் பிணைத்த பாலிமரை உருக்கி மீண்டும் வார்க்க முடியாது. ஃப்ளூரின் பாலிமர்கள் சேர்ந்த வேதிக் குடும்பம் மண்ணிலும் நீரிலும் அழியாமல் தங்குவது. 3எம் நிறுவனம் 2025க்குள் அந்தத் தயாரிப்பையே விட்டுவிடுவதாக 2022 டிசம்பரில் அறிவித்தது. 21 தீவுகளையும் பவளப்பாறைகளையும் தேசியப் பூங்காவாக வைத்திருக்கும் ஒரு கடற்கரையில் இதை அசட்டை செய்ய முடியாது. ஆனால் இதுவும் காப்புப் பொருளைப் பற்றிய வாதம். அச்சிட்ட சுற்று குப்பையில் என்ன ஆகும் என்பதை முடிவுசெய்வது அதில் துளியளவே இருக்கும் செமிகண்டக்டர் அல்ல, தகடும் காப்பும்தான். ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் இரிமியா-விளாடுவும் சரிசிஃப்ட்சியும் வேலைசெய்த குழு இதற்காகவே அரக்கைத் தகடாகவும் காப்பாகவும் வைத்துக் கரிம டிரான்சிஸ்டர் செய்தது. ஜார்க்கண்ட் காட்டுப் பூச்சி தரும் அதே அரக்கு. பழைய இசைத்தட்டுகளுக்கும் மின்சுருள்களுக்கும் நம் தாத்தாக்கள் அறிந்த பொருள். இதைச் செய்து பார்க்க இந்தியாவில் முதலில் யாருக்கும் தோன்றாதது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

செய்ய இடமில்லை என்று சொல்ல முடியாது. வளையும் மின்னணுவியலுக்கு ஐ.ஐ.டி. கான்பூரில் தேசிய மையம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கரில் 1948இல் அடிக்கல் நாட்டப்பட்ட காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்துக்குத் தூத்துக்குடித் துறைமுகப் பகுதியிலேயே கடல்சார் மையம் உண்டு. மண்டபத்திலும் உப்புக்காற்றில் உலோகங்களைக் காயவைத்து அரிப்பை அளந்த நீண்ட அனுபவம் உண்டு. இதுவரை கவனம் பெரும்பாலும் உலோகங்களின் மேல். வளையும் மின்னணுவுக்கு உலகம் முழுக்கப் பழகிய சோதனை 85 டிகிரி வெப்பம், 85 விழுக்காடு ஈரப்பதம், 1,000 மணி நேரம், மூடிய பெட்டிக்குள். அந்தப் பெட்டியில் உப்பும் இல்லை, அதிகாலையில் நனைந்து பத்து மணிக்குக் காயும் சுழற்சியும் இல்லை. சீப்புப் பல் போல ஒன்றுக்குள் ஒன்று நுழைந்த இரண்டு மின்முனைகளைப் பாலியெஸ்டர் தகட்டில் அச்சிட்டு, மேலே பி.வி.பி., பி.சி.பி., சைடாப், சிலிக்கோன், அரக்கு என்று வரிசைக்கு ஒரு காப்பைப் பூசி, துறைமுக மையத்தின் சோதனைச் சட்டகத்தில் உலோகத் துண்டுகளுக்குப் பக்கத்திலேயே கட்டித் தொங்கவிட ஆகும் செலவு சொற்பம். கசியும் மின்னோட்டத்தை மணிக்கு ஒருமுறை குறித்துக்கொண்டே வந்தால், எந்தப் பாலிமர் எத்தனை பனிக்குத் தாங்கும் என்பதற்கு ஒரு பருவத்துக்குள் ஒரு பட்டியல் கையில் இருக்கும். அடுத்த முறை கரிமச் செமிகண்டக்டரைக் குறை சொல்ல வருகிறவரிடம் முதலில் அதைக் காட்டலாம்.